இ-பாஸ் முதல் செக்‌ஷன் 17 வரை: நம் மலையை ஆள்வது சட்டசபையா, கோர்ட்டா?

தேவர்சோலைக்காரன் (கேள்வி)

வணக்கம். கூடலூர் பக்கம் தேவர்சோலை நான். அக்கா மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள், அரசியலமைப்புப் பகுதி சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. நீதிப்புனராய்வு என்று ஒரு தலைப்பு, அதாவது சட்டமும் அரசு உத்தரவும் அரசியலமைப்புப்படி சரியா என்று கோர்ட் பார்ப்பது. சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றும் தனித்தனி, ஒன்றை ஒன்று கட்டுக்குள் வைக்கும் என்று புத்தகத்தில் நாலு வரியில் முடித்துவிட்டார்கள். அவள் கேட்கிறாள், "மாமா, ஊட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வரலாம் என்று ஐகோர்ட் சொல்கிறது, மசினகுடியில் ரிசார்ட்டைப் பூட்டு என்று சுப்ரீம் கோர்ட் சொல்கிறது, நம் வீட்டு நிலத்துக்குப் பட்டா கிடைக்காததற்கும் கோர்ட் கேஸ்தான் காரணம் என்கிறார்கள். அப்புறம் எம்.எல்.ஏ. எதற்கு, கலெக்டர் எதற்கு?"

நாங்கள் இருப்பது செக்‌ஷன் 17 நிலம், அதாவது ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17வது பிரிவில் மாட்டிக்கொண்டது. தாத்தா காலத்தில் ஜன்மிக்கு (அன்றைய நில உரிமையாளருக்கு) கட்டிய குத்தகைச் சீட்டு, மலையாளத்தில் எழுதி ஓரமெல்லாம் கரையான் தின்றது, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு அதைத் தவிர வேறு காகிதம் கிடையாது. அதனால் இது எனக்குப் பரீட்சைக் கேள்வி மட்டும் இல்லை. ஓட்டுப் போட்டு வந்தவர்கள் போட்ட சட்டத்தை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் ரத்து செய்யலாம் என்றால் உண்மையில் மேலே இருப்பது யார்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

உதகை வக்கீல்

உங்கள் அக்கா மகளிடம் சொல்லுங்கள், அவள் படிக்கிற பாடத்தில் பாதி அவள் ஊரிலேயே நடந்தது. இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற ஒரு பெரிய வழக்கு கூடலூர் நிலத்திலிருந்து போனதுதான். நம் மாவட்டத்திலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஏறக்குறைய 80,000 ஏக்கர் ஜன்ம நிலமாக இருந்தது, பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துடையது. 1969ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஜன்ம ஒழிப்புச் சட்டம் போட்டது. ஜன்மி முறை போகும், பயிர் செய்கிறவர்களுக்கு ரயத்துவாரி பட்டா (அரசு நேரடியாகக் கொடுக்கும் பட்டா), காடு அரசுக்கு, எஸ்டேட் குத்தகைகள் என்ன ஆகும் என்பது 17வது பிரிவில். உங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் செக்‌ஷன் 17 இதுதான். எஸ்டேட் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1972ல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது, ஆனால் ஜன்ம நிலத்துக் காட்டை அரசு எடுப்பது மட்டும் செல்லாது, அது நிலச் சீர்திருத்தத்துக்குள் வராது என்றது. கோர்ட் செய்த முதல் வேலை அது, மக்கள் ஓட்டுப் போட்ட சட்டமன்றம் போட்ட சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தது.

பார்லிமென்ட் சும்மா இருக்கவில்லை. 1974ல் 34வது திருத்தம் கொண்டுவந்து இந்தச் சட்டத்தைத் தூக்கி ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள். அந்த அட்டவணை 1951ல் முதல் திருத்தத்தோடு வந்தது. அதற்குள் போன சட்டத்தை அடிப்படை உரிமை மீறல் என்று சொல்லித் தொட முடியாது. நிலச் சீர்திருத்தத்தைக் காப்பாற்றத்தான் வந்தது, ஆனால் போகப் போக எல்லாவிதமான சட்டமும் உள்ளே போய், 284 சட்டங்கள் சேர்ந்துவிட்டன.

இதற்கு நடுவில் 1973 ஏப்ரல் 24ல் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்துவிட்டது. 13 நீதிபதிகள், 7க்கு 6. அரசியலமைப்பைப் பார்லிமென்ட் திருத்தலாம், ஜனநாயகம், சமத்துவம் மாதிரி அதன் ஆணிவேரான அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்பது சாரம். அப்படியென்றால் 1973க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணைக்குள் போன கூடலூர்ச் சட்டம் என்ன ஆகும்? இந்தக் கேள்வி 1999ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டு, 2007 ஜனவரி 11ல் பதில் வந்தது. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அது அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று கோர்ட் பார்க்கலாம். ஐ.ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு அது. பார்லிமென்ட் கட்டிய மதிலுக்குள்ளும் கோர்ட்டுக்கு ஒரு கதவு உண்டு என்று தீர்மானமானது நம் கூடலூர் எஸ்டேட் வழக்கில்.

சரி, கதவைத் திறந்து உள்ளே போன கோர்ட் என்ன செய்தது? 2010ல் க்ளென்ராக் எஸ்டேட் வழக்கில், ஜன்ம ஒழிப்புச் சட்டத்தை அட்டவணையில் சேர்த்தது சரிதான், அடிப்படைக் கட்டமைப்பு எதுவும் உடையவில்லை என்று சட்டத்தைத் தாங்கிப் பிடித்தது. இதைக் கவனிக்க வேண்டும். பரிசீலிக்கும் அதிகாரம் உண்டு என்பது வேறு, பரிசீலித்து ரத்து செய்வது வேறு. சட்டமன்றம் பேசியது, கோர்ட் மறுத்தது, பார்லிமென்ட் திருப்பிப் பேசியது, கோர்ட் தன் எல்லையை விரித்துக்கொண்டு கடைசியில் சட்டமன்றம் சொன்னது சரி என்றது. யார் மேலே என்று கேட்டால், எழுதி வைத்த அரசியலமைப்பு மேலே. அதற்கு விளக்கம் சொல்லும் கடைசி வாய் கோர்ட்டுடையது. இந்தக் கடைசி வாய்தான் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு எரிச்சல்.

பரீட்சைக்கு: விதி 13 (அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது), 32 (சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும் வழி), 226 (ஐகோர்ட்டுக்குப் போகும் வழி) மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள். 32ம் 226ம் தருகிற இந்த அதிகாரமே அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு பகுதி என்று 1997ல் எல். சந்திரகுமார் வழக்கில் சொல்லிவிட்டார்கள், அதைத் திருத்தம் போட்டும் எடுக்க முடியாது.

கொடை ஏரிச்சாலை

வக்கீல் சார் சட்டத்தைப் பற்றி எழுதினார், நான் அரசாணை பற்றி எழுதுகிறேன். சாதாரண ஆளுக்கு அதிகம் படுவது அதுதான்.

எங்கள் கொடைக்கானலில் ஒரு ஹோட்டல். அனுமதி இரண்டு மாடிக்கு, எழுந்தது ஏழு மாடி. விதி மீறல் என்று பேச்சு கிளம்பிய பிறகு, கட்டடத்தைத் திருத்துவதற்குப் பதில் விதியிலிருந்து அந்த ஒரு கட்டடத்துக்கு விலக்குக் கொடுத்து அரசாணை போட்டார்கள். பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் ஐகோர்ட்டுக்குப் போனது. அரசாணை ரத்து. 1995ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்து, கூடுதல் மாடிகளை இடிக்கச் சொன்னது. அப்போது எனக்குச் சின்ன வயது, கடப்பாரைச் சத்தம் கேட்க ஏரிப்பக்கம் பெரியவர்கள் கூட்டமாகப் போனதாக வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

அந்த நேரத்தில் இந்த ஊர் முனிசிபாலிட்டியோ திண்டுக்கல் ஆபீஸோ அதைத் தடுத்திருக்க முடியுமா? கோட்டையில் போட்ட உத்தரவு அது. எதிர்க்கட்சி சட்டசபையில் பேசலாம், அவ்வளவுதான், எண்ணிக்கை இல்லை. ஆளும் கட்சிக்குச் சபையில் பெரும்பான்மை, அமைச்சரவையும் அவர்களே. நம் முறையில் சட்டமன்றமும் நிர்வாகமும் நடைமுறையில் ஒரே கை. அந்தக் கையைப் பிடித்து, எந்த விதிப்படி செய்தாய், காரணம் எழுதினாயா, பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் அவனுக்கும் கொடுப்பாயா என்று கேட்க ஒரு இடம் வேண்டாமா? ஹோட்டல் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் கோர்ட் போக வேண்டியதில்லை, விலக்குக் கொடுத்த விதம் சட்டப்படியா என்று பார்த்தால் போதும். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது, அன்றைக்கு ஐகோர்ட்டில் போட்ட அந்த ரிட் மனு இல்லையென்றால் இன்றைக்குக் கொடையில் எல்லாச் சரிவிலும் ஏழு மாடி நின்றிருக்கும்.

குன்னூர் டாக்ஸி

எல்லாம் சரி அண்ணா, இரண்டு மாடிக்கு மேல் கட்டாதே என்று விதியில் ஏற்கனவே இருந்தது, கோர்ட் அதை நடத்திக் காட்டியது. நான் கும்பிடுகிறேன். ஆனால் 6,000 வண்டி என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டி வர ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி. 2025 மார்ச்சில் ஐகோர்ட் எண்ணிக்கையே நிர்ணயித்தது, சீசன் முடியும் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000, கொடைக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஏப்ரல் 2ம் தேதி மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது, பார்த்திருப்பீர்கள். கல்லாறு செக்போஸ்ட்டில் நின்று பாருங்கள், ஒரு குடும்பம் திருச்சியிலிருந்து விடிய விடிய வந்து, போனில் சிக்னல் இல்லாமல் பாஸ் திறக்காமல், பின்னால் ஹாரன், குழந்தை அழுகை, ஸ்கேன் செய்கிற பையனும் என்ன செய்வான்.

மலை தாங்காது என்பது எனக்குத் தெரியும், மே மாதம் பர்லியாறிலிருந்து முதல் கியரிலேயே ஏறுகிறவன் நான். கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதுதான் என் கேள்வி. கலெக்டர் போட்டால் கலெக்டர் ஆபீஸ் முன் உட்காருவோம், மந்திரி போட்டால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வோம், கவுன்சிலரை வழியில் மடக்கிக் கேட்போம். நீதிபதியை யார் மடக்குவது? மனு போட்டவர் வக்கீல் வைத்திருக்கிறார், அரசுக்கு வக்கீல் இருக்கிறார், லாட்ஜில் ரூம் கூட்டுகிற அக்காவுக்கு யார் இருக்கிறார்? அரசு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால்தான் கோர்ட் வந்தது என்பீர்கள். அப்படியென்றால் செய்யச் சொல்லட்டும், இவ்வளவு நாளைக்குள் திட்டம் கொண்டு வா, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேள் என்று அரசின் கழுத்தில் கத்தி வைக்கட்டும். எண்ணையும் தானே எழுதினால் அரசுக்கு அது சுகம்தானே, நாங்கள் இல்லை கோர்ட் என்று கையைக் காட்டிவிடலாம்.

மசினகுடி ஜீப்

டாக்ஸி நண்பர் சொன்னதில் கடைசி வரிக்கு எங்கள் ஊரே சாட்சி. ஆனால் எங்கள் கதை கொஞ்சம் தலைகீழ்.

சீகூர் யானை வழித்தடம் என்று 2010 ஆகஸ்ட் 31ல் அறிவித்தது அரசுதான். அதை எதிர்த்து நீதிப்புனராய்வு கேட்டது ரிசார்ட் வைத்திருந்தவர்களும் நில உரிமையாளர்களும். 2011ல் ஐகோர்ட் அரசு பக்கம், 2020 அக்டோபர் 14ல் சுப்ரீம் கோர்ட்டும் அரசு பக்கம். அதாவது கோர்ட் என்றாலே அரசின் கையைக் கட்டுவது இல்லை, பல நேரம் கோர்ட் முத்திரை விழுந்த பிறகு அரசின் கை இன்னும் பலமாகிவிடும். இதைப் பாடப் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை.

ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தது 2018 ஆகஸ்டில். இறுதித் தீர்ப்பு 2020ல். தேதியைப் பாருங்கள். பொக்காபுரத்தில் பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு உருக்கி வைத்த கேட்டை நான் தினம் கடந்து போயிருக்கிறேன், மழையில் துணி கறுத்துப் போச்சு, உள்ளே சமையல்கட்டில் வேலை பார்த்த பெண்கள் மாவனல்லா, வாழைத்தோட்டத்துப் பெண்கள். யானைக்கு வழி வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை, அதை மறிக்கும் சோலார் வேலிகளை எடுக்காமல் எப்படி. ஆனாலும் தீர்ப்பில் தனித்தனி ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வு பெற்ற ஐகோர்ட் நீதிபதி தலைமையில் குழு போட்டார்கள் அல்லவா, ரிசார்ட்டுகளைப் பூட்டுவதற்கு முன்பே அந்த விசாரணையை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். ஒவ்வொரு வீட்டு ஆவணத்தையும் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல ஒரு மேஜை கிடைத்தது அப்போதுதான்.

பந்தலூர் தோழர்

மசினகுடி நண்பர் தொட்ட இடத்தை நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறோம். மலையில் மக்கள் வாழ்க்கையை நடத்துவது தீர்ப்பு இல்லை, இடைக்கால உத்தரவு, அதாவது வழக்கு முடியும் முன்பே தற்காலிகமாகப் போடுவது.

கோதவர்மன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1995ல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கேட்டுப் போட்ட மனு. 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு, பட்டியலில் காடு என்று எழுதியிருந்தால் மட்டும் காடு இல்லை, அகராதிப்படி காடாக இருந்தாலே காடு, யார் நிலமானாலும் மத்திய அரசு அனுமதி இல்லாமல் வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்றது. காட்டுக்குள் மத்திய அரசு அனுமதி இல்லாமல் ஓடிய மரம் அறுக்கும் மில்கள் நிற்க வேண்டியதாயிற்று. அது இறுதித் தீர்ப்பு கிடையாது. மனுதாரர் 2016ல் இறந்துவிட்டார், வழக்கு அவர் பெயரிலேயே ஓடுகிறது. உத்தரவு மேல் உத்தரவாக, குழு போட்டு, அறிக்கை வாங்கி, ஒரு கோர்ட் கிட்டத்தட்ட வன அமைச்சகத்தின் வேலையைப் பார்த்தது. காடு தப்பித்தது, அதை நான் மனதாரச் சொல்வேன். 2023ல் பார்லிமென்ட் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திக் காடு என்பதற்கு எல்லையைச் சுருக்கியபோது கூட, 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், மாநிலங்கள் கணக்கெடுத்து முடிக்கும் வரை பழைய அகராதிப் பொருளே தொடரட்டும் என்றது. அதுவும் இடைக்கால உத்தரவுதான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2006ல் பார்லிமென்ட் வன உரிமைச் சட்டம் போட்டது. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் போன்றவர்கள் தலைமுறையாக இருக்கும் இடத்துக்கு உரிமை, அதைக் கிராம சபை தொடங்கி வைக்கும். தமிழ்நாட்டில் 2008லேயே ஐகோர்ட்டில் ஒரு இடைக்கால உத்தரவு, கோர்ட்டைக் கேட்காமல் உரிமைப் பட்டா கொடுக்கக் கூடாது என்று. சட்டம் செல்லும் செல்லாது என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. 2016ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை எடுக்கும் வரை வேறு மாநிலங்களில் லட்சக்கணக்கில் பட்டா போய்க்கொண்டிருந்தது, இங்கே சும்மா கிடந்தது. ரத்து செய்திருந்தால் பார்லிமென்ட் திருத்தம் கொண்டுவரும், பதிலுக்குப் பதில் நடக்கும், வக்கீல் சார் சொன்ன கூடலூர்க் கதை மாதிரி. நிறுத்தி மட்டும் வைத்தால் பதில் சொல்லவே இடம் இல்லை. அதிகாரச் சமநிலை என்பதில் எனக்குப் பெரிய பயம் இங்கேதான்.

நல்ல உதாரணமும் உண்டு. 2013ல் ஒடிசா நியமகிரி வழக்கில் சுப்ரீம் கோர்ட், சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று தானே முடிவு செய்யாமல் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அங்கே கோர்ட் அதிகாரத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ளவில்லை, யாருக்குச் சொந்தமோ அவர்களிடம் கொடுத்தது. குன்னூர் நண்பர் கேட்பதும் இதைத்தானே.

தேவர்சோலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அவளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று அவளுடையது, ஒன்பதாவது அட்டவணைக்குள்ளும் கோர்ட் வரலாம் என்றால் நம் 69 சதவீத இடஒதுக்கீடும் அதில்தானே இருக்கிறது? இன்னொன்று என்னுடையது, 2010லேயே சட்டம் செல்லும் என்று முடிந்துவிட்டது என்றால் எங்கள் செக்‌ஷன் 17 ஏன் இன்னும் இழுக்கிறது?

உதகை வக்கீல்

முதல் கேள்வி அருமையான கேள்வி. ஆமாம், 1993ல் தமிழ்நாடு போட்ட இடஒதுக்கீட்டுச் சட்டம், 1994ல் 76வது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. 1973க்குப் பிறகு போனது என்பதால் கோயல்ஹோ தீர்ப்பு அதற்கும் பொருந்தும், யாரும் கேள்வி எழுப்பலாம். எழுப்பலாம் என்பதால் விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை, சமத்துவத்தின் அடிப்படையை அது குலைக்கிறதா வளர்க்கிறதா என்று வாதாட வேண்டியிருக்கும். இடஒதுக்கீட்டு வரலாற்றிலும் இதே இழுபறிதான், 1951ல் சம்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைக் கோர்ட் ரத்து செய்தது, அதே வருடம் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்புகளுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) சேர்ந்தது. போராடியவர்கள் தெருவில் இருந்ததால் பார்லிமென்ட் பதில் சொன்னது.

கோர்ட்டும் தன் எல்லையைச் சில நேரம் தானே பின்னுக்கு இழுக்கும், அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் 8ல் தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். அதே வருடம் நவம்பரில் குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள், அப்படிக் கருத முடியாது, ஆளுநருக்குக் கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாது, ஆனால் காரணமில்லாமல் நீண்ட நாள் கிடப்பில் போட்டால் கேட்கலாம் என்று கருத்துச் சொன்னார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. சட்டம் செல்லும் என்று கோர்ட் சொல்லும், அந்தச் சட்டப்படி எந்த நிலம் காடு, எது எஸ்டேட், எது உங்கள் தாத்தா உழுதது என்று பிரித்து எழுதுவது வருவாய்த்துறையின் வேலை, அதைக் கோர்ட் செய்ய முடியாது. 17வது பிரிவில் வருவது பெரிய எஸ்டேட் குத்தகைகள், அந்தக் கணக்கோடு சேர்ந்து சிறு குடியிருப்புகளும் மாட்டிக்கொண்டன. 1996 உத்தரவு வேறு மேலே நிற்கிறது, காடு என்று குறித்துவிட்டால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் கலெக்டரே நினைத்தாலும் கொடுக்க முடியாது. இதற்கு சட்டமன்றம் பேச வேண்டும், அரசு கணக்கெடுத்துக் கொள்கை முடிவு எடுக்க வேண்டும், எடுத்ததைக் கோர்ட் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டும், மூன்றும் வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ. எதற்கு என்று கேட்டாள் அல்லவா, இதற்குத்தான், அவரை விடாதீர்கள்.

அந்தக் குத்தகைச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், வேர்க்கும். ஸ்கேன் எடுத்து, மலையாளம் தெரிந்தவரிடம் மொழிபெயர்ப்பு வாங்கி நோட்டரி கையெழுத்துப் போட்டு வையுங்கள். சர்வே எண் தெரிந்தால் அது எந்தப் பிரிவில் நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள், எழுத்தில் பதில் வாங்கினால்தான் அடுத்து எங்கே போவது என்று யாரும் சொல்ல முடியும். ஊரில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது.